ஜப்பானில் சாக்கே ஆலை பார்க்கப் போகிறீர்களா? முன்பதிவிலிருந்து பாட்டிலைப் பத்திரமாகக் கட்டுவது வரை

சாக்கே என்பது அரிசியைப் புளிக்கவைத்துச் செய்யும் ஜப்பானிய மது. ஜப்பானில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாக்கே ஆலைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை குடும்பத் தொழில். கைவிட்டு எண்ணக்கூடிய ஆட்களே வேலை பார்க்கும் இடங்கள். நேரே போய் வாசலில் நின்றால் சுற்றிக் காட்ட ஆள் இருக்காது. கடையில் பாட்டிலை விற்றுவிட்டுக் குனிந்து வணக்கம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். காணொளிகளில் வருகிற ஆவி பறக்கும் அரிசியும் நுரைத்துக்கொண்டிருக்கும் தொட்டியும் வருடத்தில் சில மாதங்கள், அதிலும் காலை வேளையில்தான் காணக் கிடைக்கும். இது தெரியாமல் ஜூலையில் மதியம் மூன்று மணிக்குப் போய் நின்றால், கழுவிக் காயவைத்த தொட்டிகளைப் பார்த்துவிட்டு வரலாம். எனவே விமான டிக்கெட் போடும்போதே இதையும் சேர்த்து யோசியுங்கள்.

1. எந்த மாதிரி இடம் வேண்டும்?

"சாக்கே டூர்" என்ற ஒரே பெயரில் நான்கு தனித்தனி சமாச்சாரங்கள் நடக்கின்றன. எதற்குப் போகிறோம் என்று தெரியாமல் போவதுதான் ஏமாற்றத்தின் முதல் காரணம்.

முதலாவது, பெரிய நிறுவனங்களின் காட்சியகம். பழைய மரத் தொட்டிகள், கருவிகள், விளக்கப் பலகைகள், கடைசியில் இரண்டு மூன்று கோப்பை. முன்பதிவு பெரும்பாலும் வேண்டாம், கட்டணம் சொற்பம். ஆனால் அங்கே சாக்கே தயாராவதில்லை. தயாரிப்பு பக்கத்திலோ வேறெங்கோ உள்ள தொழிற்சாலையில் நடக்கும்.

இரண்டாவது, வேலை நடக்கும் ஆலை. முன்பதிவு கட்டாயம், ஆட்கள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, விளக்கம் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில். உண்மையில் பார்க்க வேண்டியது இதுதான்.

மூன்றாவது, சுவைக்கும் கவுண்டர். பல ஆலைகளின் சரக்கு ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். உற்பத்தியைப் பார்க்க முடியாது, ஆனால் ஒப்பிட்டுச் சுவைக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

நான்காவது, ஆங்கிலம் பேசும் கைடுடன் மூன்று மணி நேர நடை. ஒரு காட்சியகம், ஒரு கடை, உட்கார்ந்து ஆறேழு வகை சுவைத்தல் என்று போகும். சாக்கே பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்கு இது கொடுத்த காசுக்குத் தகும். ஓரளவு தெரிந்தவர்களுக்கு வீண் செலவு என்பது என் கருத்து.

கையில் ஒரே ஒரு நாள் இருந்தால் காலையில் வேலை நடக்கும் ஆலை ஒன்று, மதியம் கவுண்டர் ஒன்று. காட்சியகம் வழியில் இருந்தால் எட்டிப் பார்க்கலாம்.

2. மாதமும் மணியும்

குளிர்காலத்தில்தான் சாக்கே வடிக்கிறார்கள். சிறிய ஆலைகளில் வேலை அக்டோபரில் தொடங்கி மார்ச், ஏப்ரல்வரை நடக்கும். பெரிய நிறுவனங்கள் குளிரூட்டிய கட்டடங்களில் வருடம் முழுக்க ஓட்டுகின்றன. அரிசி வேகவைப்பது அதிகாலையிலேயே ஆரம்பித்துவிடும். பத்து மணி டூருக்குப் போகிறவர்கள் பாத்திரம் கழுவுவதைத்தான் பார்ப்பார்கள். ஆவி பறப்பதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் "காலை எத்தனை மணிக்கு அரிசி வேகும், அப்போது வரலாமா" என்று முன்பதிவிலேயே கேளுங்கள். பலர் மறுப்பார்கள், சிலர் சம்மதிப்பார்கள்.

இன்னொரு சிக்கல்: வேலை மும்முரமான ஜனவரி, பிப்ரவரியில் தொற்றுப் பயத்தால் வெளியாட்களை அடியோடு நிறுத்திவிடும் ஆலைகளும் உண்டு. கோடையில் தாராளமாக விடுவார்கள், ஆனால் பார்க்க ஒன்றும் இருக்காது. எனக்குத் தோதாகப் படுவது நவம்பர், டிசம்பர் முதல் பாதி, அல்லது மார்ச். பிப்ரவரி, மார்ச்சில் பல ஊர்களில் "குராபிராக்கி" என்று ஒரு நாள் ஆலையையே பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். அன்று முன்பதிவுத் தொல்லை குறைவு, கூட்டம் அதிகம்.

தவிர்க்க வேண்டிய நாட்கள்: டிசம்பர் கடைசி வாரமும் ஜனவரி முதல் வாரமும், ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் விடுமுறை. சிறிய ஆலைகள் சனி ஞாயிறும் மூடியிருக்கலாம். காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை என்பது பரவலான வழக்கம். அநேகமாக எல்லா இடங்களிலும் மாலை நான்கு மணிக்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள்.

3. ஊரும் ரயிலும்

ஃபுஷிமி, கியோட்டோ: புதிதாகப் போகிறவர்களுக்கு இதுவே சுலபம். கெக்கெய்கான் நிறுவனத்தின் ஓகுரா நினைவுக் காட்சியகம் 1909-இல் கட்டிய ஆலைக் கட்டடத்தில் இருக்கிறது. கட்டணம் 600 யென், சுவைபார்ப்பதும் அதில் அடக்கம். நடக்கும் தூரத்தில் கிசாக்குரா என்ற ஆலையின் உணவகமும், ஃபுஷிமியின் பதினெட்டு ஆலைகளின் சாக்கேயை ஒரே பலகையில் வரிசையாக வைத்துத் தரும் சகாகுரா கோஜி என்ற சந்தையும் உள்ளன. இறங்க வேண்டியது கெய்ஹான் பாதையில் சூஷோஜிமா நிலையம். கெய்ஹான் விரைவு ரயில் சூஷோஜிமாவில் நிற்கும், பக்கத்து ஃபுஷிமி மொமொயாமாவில் நிற்காது. ஃபுஷிமி இனாரி என்று பெயரைப் பார்த்து இறங்கிவிட்டால் சிவப்புத் தோரண வாயில்கள் வரிசையாக நிற்கும் கோயிலுக்குத்தான் போவீர்கள். சாக்கே தெரு அங்கிருந்து சில நிலையங்கள் தள்ளி.

நாடா, கோபே: ஜப்பானிலேயே அதிக சாக்கே உற்பத்தியாகும் பகுதி, ஐந்து பேட்டைகளாகக் கடலோரம் நீண்டு கிடக்கிறது. ஹகுட்சுரு, கிக்கு மசமுனே, சவானொட்சுரு என்ற மூன்று நிறுவனங்களின் காட்சியகங்களும் இலவசம். கோபே ஷுஷின்கான் ஆலையின் ஃபுகுஜு என்ற சாக்கே 2008-இல் நோபல் விருந்தில் பரிமாறப்பட்டது. அங்கே சுற்றிப் பார்க்க முன்பதிவு தேவை. ஹான்ஷின் பாதை வசதியானது. ஆனால் ஸுமியோஷி, இஷியாகாவா நிலையங்களில் சாதாரண ரயில்தான் நிற்கும். உவோசாக்கிவரை விரைவு ரயிலில் போய் அங்கே மாறலாம். ஸுமியோஷி என்று ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாதையிலும் ஒரு நிலையம் உண்டு. அங்கே இறங்கினால் ஹகுட்சுருவுக்குக் கால் மணி நேரம் நடக்க வேண்டும்.

ஜேஆர் பாஸ் வைத்திருக்கிறோம், எல்லாம் அதில் அடங்கும் என்று நினைக்காதீர்கள். கெய்ஹான், கின்டெட்சு, ஹான்ஷின் மூன்றும் தனியார் பாதைகள், பாஸ் செல்லாது. இக்கோகாவோ சுயிக்காவோ ஒரு கார்டில் காசு ஏற்றிக்கொள்ளுங்கள்.

சாய்ஜோ, ஹிரோஷிமா: நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே வெள்ளைச் சுவர்களும் சிவப்புச் செங்கல் புகைபோக்கிகளும் தெரியும். ஏழு ஆலைகள், எல்லாம் நடை தூரம். வாசலில் உள்ள கிணற்று நீரைப் பிடித்துக் குடிக்கவும் விடுகிறார்கள். ஹிரோஷிமா நிலையத்திலிருந்து சான்யோ பாதையில் முக்கால் மணிக்குள் போய்விடலாம். ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் வந்து ஹிகாஷி ஹிரோஷிமாவில் இறங்காதீர்கள். அது ஊருக்கு வெளியே இருக்கிறது, அங்கிருந்து பஸ்ஸோ டாக்சியோ பிடிக்க வேண்டும். ஷிக்கோகு தீவில் இயோ சாய்ஜோ என்று வேறோர் ஊரும் உண்டு. அக்டோபரில் நடக்கும் சாக்கே திருவிழாவின்போது அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

நீகாட்டா: எச்சிகோ யுசாவா, நீகாட்டா நிலையங்களுக்குள்ளேயே பொன்ஷுகான் என்ற சுவைக்கும் கூடம் உள்ளது. 500 யென் கொடுத்தால் சிறு கோப்பையும் டோக்கன்களும் தருவார்கள். சுவர் முழுக்க இயந்திரங்கள். கோப்பையை வைத்து, டோக்கன் போட்டு, பொத்தானை அழுத்த வேண்டும். விலை உயர்ந்தவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட டோக்கன் கேட்கும், போடும் முன் எண்ணைப் பாருங்கள். தொட்டுக்கொள்ள விதவிதமான உப்பு வைத்திருப்பார்கள். டோக்கியோவிலிருந்து யுசாவா ஷின்கான்சென்னில் ஒன்றேகால் மணி நேரம்தான்.

டோக்கியோவை விட்டு அதிகம் நகர முடியாதவர்களுக்கு ஓமே பாதையில் சவாய் நிலையம். 1702-இல் தொடங்கிய ஓசாவா ஆலை தாமா ஆற்றங்கரையில் தோட்டத்துடன் இருக்கிறது. ஓமேவுக்கு அப்பால் ரயில் அடிக்கடி வராது. திரும்பும் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

4. முன்பதிவு

இரண்டிலிருந்து நான்கு வாரம் முன்பே தொடங்குங்கள். ஆலையின் ஜப்பானியப் பக்கத்தில்தான் முழு விவரம் இருக்கும்; ஆங்கிலப் பக்கம் பழையதாக இருக்கலாம். மொழிபெயர்ப்புச் செயலியில் ஜப்பானியப் பக்கத்தைப் போட்டு, முன்பதிவு தேவையா, எந்த நாட்களில், குறைந்தபட்சம் எத்தனை பேர் என்ற மூன்றையும் பாருங்கள். ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் ஏற்காத இடங்களும் உள்ளன.

மின்னஞ்சலில் எழுத வேண்டியவை: பெயர், நாடு, பெரியவர் எத்தனை, 20 வயதுக்குக் கீழே எத்தனை, விரும்பும் தேதி இரண்டு அல்லது மூன்று, வரும் நேரம், எந்த ரயிலில் வருகிறீர்கள், ஜப்பானிய மொழி தெரியுமா, ஜப்பானில் எடுக்கும் தொலைபேசி எண். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினால் மொழிபெயர்ப்பு சொதப்பாது. "வண்டியில் வரமாட்டோம்" என்று ஒரு வரி சேர்த்தால் அவர்களுக்கு நிம்மதி.

பதில் வராவிட்டால் முன்பதிவு ஆகவில்லை என்றே அர்த்தம். படிவம் அனுப்பியதும் தானாக வரும் பதிலை உறுதி என்று எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு மனிதர் தேதியும் நேரமும் போட்டு எழுதிய அடுத்த மின்னஞ்சல்தான் உறுதி. தொலைபேசி மட்டும் ஏற்கும் ஆலைகளுக்குத் தங்கும் விடுதியின் வரவேற்பில் சொன்னால் பேசித் தருவார்கள். போக முடியாமல் போனால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். உங்களுக்காக ஒருவர் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்.

அன்று கையில் வேண்டியவை: அசல் பாஸ்போர்ட் (வயதுக்கும் வரிவிலக்குக்கும்), உறுதி மின்னஞ்சலின் அச்சு, ரொக்கம். ஜப்பானில் 2022 முதல் 18 வயதானாலே மேஜர். ஆனால் குடிக்கும் வயது இன்றும் 20-தான். 19 வயதுப் பிள்ளை வந்தால் சுற்றிப் பார்க்கலாம், கோப்பை கிடையாது.

5. முந்தின நாளும் அன்று காலையும்

நாட்டோ சாப்பிடாதீர்கள். விடுதிக் காலைச் சிற்றுண்டியில் சின்ன வெள்ளை டப்பாவில் கொழகொழவென்று இருக்கும் அந்தச் சோயாவை வளர்க்கும் பாசில்லஸ் பாக்டீரியா கொதிநீரிலும் சாகாத வித்துகளை உருவாக்கும். கையிலோ துணியிலோ ஒட்டிக்கொண்டு உள்ளே போனால், அரிசியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் கோஜிப் பூஞ்சைக்காகப் பரப்பிவைத்த வெதுவெதுப்பான அரிசி அதற்கு அருமையான விளைநிலம். கோஜியை முந்திக்கொண்டு வளர்ந்து அந்தத் தொகுதியையே பிசுபிசுப்பாக்கிவிடும். பல ஆலைகள் அன்று மட்டும் அல்ல, முந்தின நாளும் கூடாது என்கின்றன. சில இடங்களில் தயிர், கிம்ச்சி, ஆரஞ்சுத் தோல்வரை பட்டியல் நீளும். சாப்பிட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். கோஜி அறைப் பக்கம் போகாமல் மற்றதைக் காட்டுவார்கள்.

வாசனை எதுவும் வேண்டாம். சென்ட் மட்டும் இல்லை, மணக்கும் தேங்காய் எண்ணெய், டால்கம் பவுடர், ஜவ்வாது எல்லாமே. நீங்கள் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவரும் சாக்கேயை முகர முடியாது.

வெறும் வயிற்றில் போகாதீர்கள். சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கவுண்டரில் தரும் ஊறுகாய், டோஃபு, கீரை எல்லாவற்றிலும் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். எடமாமேயும் (வேகவைத்த பச்சைச் சோயாக்காய்) உப்பும் நம்பகமானவை. ஓனிகிரி என்ற சோற்று உருண்டையில் உமேபோஷி (உப்பில் ஊறிய புளிப்புப் பழம்) வைத்ததை வாங்கி முன்பே சாப்பிட்டுவிட்டுப் போகலாம், அதிலும் உள்ளடக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

உடை: உள்ளே குளிர் ஐந்து, பத்து டிகிரி, தரை ஈரம், மாடிப்படி ஏணி போலச் செங்குத்து. சேலை, நீளமான பாவாடை வேண்டாம். கழற்ற எளிதான ஷூ, ஓட்டையில்லாத சாக்ஸ்.

6. உள்ளே

செருப்பு மாற்றி, தலைக்குத் தொப்பி போட்டு, கை கழுவச் சொல்வார்கள். எதையும் தொடாதீர்கள். படம் எடுக்கலாமா என்று அறைக்கு அறை கேளுங்கள்.

நீங்கள் பார்க்கும் வரிசை இதுதான்: தீட்டிய அரிசியைக் கழுவி ஊறவைப்பது, ஆவியில் வேகவைப்பது, அதில் ஒரு பங்கில் முப்பது டிகிரிக்கு மேல் சூடான அறையில் கோஜி வளர்ப்பது, ஈஸ்ட் பெருக்கும் சிறு ஊறல், பிறகு பெரிய ஊறல். பெரிய ஊறலில் அரிசி, கோஜி, தண்ணீர் மூன்றையும் மூன்று தவணையாக நான்கு நாளில் சேர்ப்பார்கள். ஒரேயடியாகக் கொட்டினால் ஈஸ்ட் நீர்த்துப்போய் வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும். மூன்று நான்கு வாரம் கழித்துப் பிழிந்து, பெரும்பாலானவற்றை அறுபது டிகிரி சொச்சத்தில் சூடாக்கி வைப்பார்கள்.

தொட்டியின் மேல் தளத்தில் நிற்கும்போது முகத்தை உள்ளே நீட்டாதீர்கள். ஊறலின் மேல் கரியமிலவாயு தேங்கி நிற்கும். ஒரு மூச்சிலேயே மூக்கு சுரீரென்று எரியும், அடுத்ததில் மயங்கித் தொட்டிக்குள் விழலாம். கையால் விசிறி முகர்ந்தால் போதும். வாழைப்பழ வாசனையோ ஆப்பிள் வாசனையோ வரும். ஈஸ்ட்டின் வேலை அது.

7. சுவைப்பது எப்படி

வெள்ளைக் கோப்பையின் அடியில் நீல நிறத்தில் இரட்டை வட்டம் இருக்கும். அலங்காரம் அல்ல: நீலத்தின் ஓரம் கூர்மையாகத் தெரிகிறதா என்று பார்த்துத் தெளிவையும், வெள்ளைப் பகுதியில் மஞ்சள் சாயலையும் கண்டுபிடிக்கலாம். முதலில் நிறம், பிறகு மணம், பிறகு ஒரு தேக்கரண்டி அளவு வாயில் விட்டு நாக்கில் பரப்பி, கொஞ்சம் காற்றை உறிஞ்சி, மூக்கு வழியாக விடுங்கள். மென்மையானதிலிருந்து கனமானதற்கு: டைகின்ஜோ (அரிசியை மிக அதிகமாகத் தீட்டிச் செய்வது), கின்ஜோ (அதைவிடக் கொஞ்சம் குறைவாகத் தீட்டியது), பிறகு ஜுன்மாய் (தனியாக ஆல்கஹால் சேர்க்காதது), கடைசியில் முதிர்ந்ததும் இனிப்பானதும். தலைகீழாகப் போனால் டைகின்ஜோ வெறும் தண்ணீராகத் தெரியும்.

லேபிளில் உள்ள தீட்டல் சதவீதம், தீட்டியது போக மிஞ்சிய அரிசியைக் குறிக்கிறது. 50 என்றால் பாதி போய்விட்டது. டைகின்ஜோவுக்கு 50 அல்லது அதற்குக் கீழே, கின்ஜோவுக்கு 60. எண் குறையக் குறைய விலை ஏறும்; சுவை ஏறும் என்று உத்தரவாதம் இல்லை. சாப்பாட்டோடு குடிக்க, விலை குறைந்த ஜுன்மாய் பெரும்பாலும் பொருத்தமாக இருக்கும்.

சாக்கேயில் ஆல்கஹால் 15, 16 சதவீதம். தண்ணீர் சேர்க்காத கென்ஷு 18-ஐத் தாண்டலாம். முப்பது மில்லி கோப்பை ஆறு அடித்தால் 180 மில்லி, அதாவது "கோ" என்ற ஜப்பானிய அளவில் ஒன்று. சின்னக் கோப்பை என்பதால் கணக்கே தெரியாது. ஒவ்வொரு கோப்பைக்கும் அதே அளவு தண்ணீர் குடியுங்கள். கேட்டால் ஆலையின் ஊற்று நீரையே தருவார்கள். துப்புவது அவமரியாதை இல்லை, அதற்கென்று பாத்திரம் உண்டு. குடிக்காதவர்களும் பிள்ளைகளும் அமசாக்கே என்ற இனிப்பு அரிசிப் பானம் கேட்கலாம், ஆனால் கோஜியில் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். சாக்கே சக்கையில் செய்ததில் ஆல்கஹால் இருக்கும். கடையில் விற்கும் சாக்கே ஐஸ்கிரீமுக்கும் இதே எச்சரிக்கை.

8. செலவு

காட்சியகம் இலவசம் அல்லது சில நூறு யென். ஆலைச் சுற்று, சுவைபார்ப்பதும் சேர்த்து, பெரும்பாலும் சில நூறிலிருந்து மூவாயிரம் யென். ஆங்கிலக் கைடுடன் நடை என்றால் ஆளுக்குப் பத்தாயிரம் யென்னை ஒட்டி. கவுண்டரில் ஐநூறிலிருந்து மூவாயிரம். டிப்ஸ் கொடுக்காதீர்கள், துரத்திக்கொண்டு வந்து திருப்பித் தருவார்கள். நன்றி காட்ட வேண்டுமென்றால் ஒரு பாட்டில் வாங்குங்கள்.

9. வண்டி வேண்டாம், சைக்கிளும் வேண்டாம்

மூச்சில் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். மூன்று ஆண்டுவரை சிறை அல்லது ஐந்து லட்சம் யென்வரை அபராதம். ஓட்டியவர் குடித்திருப்பது தெரிந்தும் கூட உட்கார்ந்து வந்தவருக்கும், ஊற்றிக் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. அதனால்தான் "யார் ஓட்டுகிறீர்கள்" என்று வாசலிலேயே கேட்கிறார்கள். 2024 நவம்பரிலிருந்து சைக்கிளுக்கும் இதே தண்டனை. வாடகை சைக்கிளில் ஃபுஷிமியைச் சுற்றலாம் என்ற திட்டத்தைக் கைவிடுங்கள். வண்டி எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒருவர் ஒரு துளிகூடத் தொடாமல் இருக்க வேண்டும். பல ஆலைகள் அவருக்கு அமசாக்கேயோ கையில் ஒரு சிறு பரிசோ தரும்.

10. வாங்குவதும் கொண்டுபோவதும்

சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்கு, வரிவிலக்குப் பலகை மாட்டிய கடையில், ஒரே நாளில் 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கினால் பத்து சதவீத நுகர்வு வரி இல்லை. அனுமதி பெற்ற ஆலைகளில் மதுவரியும் கழியும். ஜப்பானில் வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இது கிடையாது. ஒட்டித் தரும் பையை நாட்டை விட்டுக் கிளம்பும்வரை பிரிக்காதீர்கள். 2026 நவம்பர் 1-லிருந்து நடைமுறை மாறுகிறது: வரியோடு வாங்கி, கிளம்பும்போது சுங்கத்தில் காட்டி, பிறகு பணத்தைத் திரும்பப் பெற வேண்டும்.

இந்தியாவுக்குத் தீர்வையில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர். 720 மில்லி பாட்டில் மூன்று என்றால் 2,160; வரம்பு தாண்டிவிடும். இரண்டு 720-ம் ஒரு 300-ம் சரியாக அடங்கும். 1.8 லிட்டர் பெரிய பாட்டில் ஒன்று என்றாலும் சரி, ஆனால் பெட்டியில் வைக்க அதுபோல் இம்சை வேறில்லை.

கைப்பையில் செல்லாது, செக்-இன் பெட்டிதான். பாட்டிலைச் சாக்ஸுக்குள் நுழைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, பெட்டியின் நடுவில் துணிகளுக்கு இடையே வையுங்கள். நுரை பொங்கும் நிகோரி (கலங்கலான சாக்கே) வகை சிலவற்றின் மூடியில் வாயு வெளியேறத் துளை இருக்கும். படுக்கவைத்தாலே ஒழுகும், பெட்டியில் போடவே கூடாது. சூடாக்காத நாமா சாக்கேயும் வேண்டாம். சென்னை வந்து சேர்வதற்குள் சூட்டில் மணம் கெட்டுவிடும். அதை அங்கேயே, விடுதி ஃப்ரிட்ஜில் வைத்துக் குடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

சூடாக்கியதை வாங்கிவந்தால் வெளிச்சம் படாமல், ஃப்ரிட்ஜில் நிற்கவையுங்கள். பாட்டிலில் போட்டிருக்கும் மாதம் தயாரிப்பு மாதம், காலாவதி அல்ல. திறந்த பிறகு ஒன்றிரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். மிஞ்சினால் சமையலில் காளானோ கத்தரிக்காயோ வதக்கும்போது ஒரு கரண்டி ஊற்றலாம்.